வெள்ளி பூசிய டியூப் போட்டால் மாமாவின் தொல்லை தீருமா?

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு மருமகள் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிட்டேன். கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மாமனாருக்கு 74 வயது. தென்னந்தோப்பு வைத்திருக்கிறார், இப்போதும் காலையில் தோப்பை ஒரு சுற்றுச் சுற்றாமல் காபி குடிக்க மாட்டாராம். போன வருஷம் வைகாசியில் அவருக்கு இதய ரத்தக்குழாயில் அடைப்பை விரிக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆடியில் ஒரு நாள் திடீரென்று சிறுநீர் அடைத்துக்கொண்டது. ப்ராஸ்டேட், அதாவது சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் சுரப்பி, வீங்கியிருக்கிறது என்று சிறுநீர் வடிய டியூப் போட்டார்கள். மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தபோது சிறுநீர் போகவில்லை, மறுபடி போட்டார்கள். "ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம் ஆகட்டும், அப்புறம் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். டியூப் போட்டு இப்போது பதினொரு மாதம் ஆகிறது.

பஞ்சாயத்து பாலியேட்டிவ் சிஸ்டர் (நாள்பட்ட நோயாளிகளை வீட்டில் வந்து கவனிக்கும் நர்ஸ்) மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து டியூப் மாற்றுகிறார். ஆனால் பதினெட்டு, இருபது நாளிலேயே அடைத்துக்கொள்கிறது. அடிவயிறு உப்பி, வலியில் மாமனார் துடிக்க, ராத்திரியோடு ராத்திரியாகக் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கு ஓடியிருக்கிறார்கள், நான்கு முறை. சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, வாடை அடிக்கிறது என்று ஐந்து முறை ஆன்டிபயாடிக் கொடுத்தாயிற்று. ஒரு நாள் யூரின் பை முழுக்க ஊதா நிறமாகிவிட்டது. மாமியார் பயந்துபோய்க் கோயிலிலிருந்து திருநீறு வாங்கி வந்து பூசினார்.

மெடிக்கல் கடையில் வெள்ளி பூசிய டியூப் ஒன்றைக் காட்டி, "இதில் கிருமியே ஒட்டாது" என்று 2,600 ரூபாய் சொன்னார்கள். பெங்களூரில் இருக்கும் கொழுந்தனார், "வெள்ளியெல்லாம் வேண்டாம், ஹைட்ரோஜெல் பூச்சுதான் நல்லது" என்கிறார். எதை வாங்குவது? போர்வெல் தண்ணீர் உப்பாக இருப்பதால்தான் டியூபில் உப்புப் படிகிறதா? டெட்டால் தண்ணீரால் கழுவலாமா? மட்டமான டியூபைப் போடும் சிஸ்டர் மேல் பஞ்சாயத்தில் புகார் கொடுக்கலாமா? இவைதான் கேள்விகள்.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி. "நான் உடுமலைப் பக்கத்துப் பெண், எனக்கு மலையாளம் பாதிதான் புரியும். மூத்ரத்தில் பழுப்பு உண்டு என்று சிஸ்டர் சொன்னபோது, பழுப்பு நிறமாகப் போகிறது என்கிறார் என்றே இரண்டு மாதம் நினைத்திருந்தேன். பனி உண்டோ என்று கேட்டபோது, பனியா, வெயில்தான் கொளுத்துகிறது என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் அது காய்ச்சல் என்று தெரிந்தது."

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் மருத்துவ ரீதியாக முக்கியமான வரி அதுதான். பின்னால் அதற்கு வருகிறேன்.

முதலில் நேரடியாகப் பதில்: அந்த 2,600 ரூபாய் டியூபை வாங்க வேண்டாம். ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் போட்டுக்கொள்ளலாம், உடம்புக்குக் கெடுதல் இல்லை. அதிலுள்ள வெள்ளி மிகக் கொஞ்சம். ஆனால் அடைப்பு நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பூச்சு எங்கே தோற்கிறது

உங்கள் தோப்பில் சொட்டுநீர்க் குழாய் இருக்கும் என்று நினைக்கிறேன். புதிதாகப் போட்டபோது உள்ளே வழவழவென்று இருக்கும். ஒரு சீசன் கழித்து வெட்டிப் பார்த்தால் விரலில் வழுக்கும் ஒரு படலம், அதன் மேல் வெள்ளையாக உப்பு. யூரின் டியூபுக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். அங்கே மாதக்கணக்கில் ஆவது இங்கே நாள்கணக்கில் ஆகிறது.

டியூப் உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே சிறுநீரிலும் சிறுநீர்ப்பைச் சுவரிலும் உள்ள புரதங்கள் அதன் மேல் படிந்துவிடுகின்றன. கிருமி வந்து பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இந்தப் புரதப் படலத்தைத்தான். சில கிருமிகளின் உடம்பில் மயிரிழை போன்ற கொக்கிகள் உண்டு. அவற்றில் சில, நம் புரதத்தையே தேடிப் பிடிக்கிற வகை. ஒட்டியதும் பிசின் மாதிரி ஒன்றைச் சுரந்து அதற்குள் கூடு கட்டிக்கொள்கின்றன. கிணற்றுப் படிக்கல்லில் பாசி பிடிப்பது போல. இந்தக் கிருமிப் படலத்துக்குள் இருக்கும் கிருமியைக் கொல்ல, சிறுநீரில் தனியாக மிதக்கும் கிருமிக்குத் தேவையானதைப் போல நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு மருந்து வேண்டும். அவ்வளவை மனிதருக்குக் கொடுக்க முடியாது.

ஆக, கம்பெனிக்காரர் என்ன பூசினாலும் உடம்பு அதன் மேல் தன் பூச்சைப் பூசிவிடுகிறது. கிருமிக்குக் கிடைப்பது இந்த இரண்டாவது பூச்சு.

இருந்தாலும் பூச்சுகளெல்லாம் ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். வெறும் லேடெக்ஸ் (ரப்பர்) குழாயின் மேற்பரப்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும், ஒட்டுவதற்கு வசதி. அதனால் அதன் மேல் டெஃப்ளான் பூசினார்கள், உங்கள் நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்கும் அதே பொருள்தான். அது நான்கு வாரம் வரை வைத்திருக்க. சிலிக்கான் பூசியது, ஹைட்ரோஜெல் பூசியது, முழுக்க சிலிக்கானால் ஆனது, இவை மூன்றும் பன்னிரண்டு வாரம் வரை என்று அனுமதி பெற்றவை. உங்கள் கொழுந்தனார் சொல்லும் ஹைட்ரோஜெல், தண்ணீரை உறிஞ்சி ஊறிய சப்ஜா விதை மாதிரி கொழகொழவென்றாகும். நுழைக்கும்போது உராய்வு குறையும், எரிச்சலும் குறையலாம். அடைப்பைத் தடுப்பதில் அதற்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை.

வெள்ளிக்கு வருவோம். வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது உண்மை. சோதனைக்கூடத் தட்டில் நன்றாகவே கொல்லும். அதை நம்பிப் பல நாட்டு மருத்துவமனைகள் அந்த டியூபுக்கு மாறின. பிறகு பிரிட்டனில் 24 மருத்துவமனைகளில் 7,102 நோயாளிகளை வைத்துப் பெரிய ஆய்வு நடந்தது. 2012இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. சாதாரண டெஃப்ளான் பூச்சு டியூப் போட்டவர்களில் நூற்றுக்கு 12.6 பேருக்கு அறிகுறியோடு கூடிய தொற்று. வெள்ளி பூசியதில் 12.5. நைட்ரோஃபியூரசோன் என்ற கிருமிக்கொல்லி ஏற்றிய இன்னொரு டியூபில் 10.6. ஆனால் அதில் எரிச்சல் அதிகம், அந்தச் சின்ன வித்தியாசத்துக்காக அதை வழக்கமாகப் போடலாம் என்று ஆய்வாளர்களே சொல்லவில்லை. இதெல்லாம் அதிகபட்சம் இரண்டு வாரம் டியூப் தேவைப்பட்டவர்களிடம் பார்த்தது. உங்கள் மாமாவுக்குப் பதினொரு மாதம்.

கடைக்காரர் முழுப் பொய் சொன்னார் என்றும் ஆகாது. கழுத்து ரத்தக்குழாயில் ஐ.சி.யூ.வில் போடும் குழாய்களில் குளோர்ஹெக்சிடின், மினோசைக்ளின் போன்ற கிருமிக்கொல்லிகள் பூசியவை உண்டு; அங்கே ரத்தத் தொற்று உண்மையிலேயே குறைகிறது. ஆனால் அது வேறு இடம், வேறு கிருமி, சில நாள் கணக்கு. அங்கே கேட்ட செய்தியை இங்கே கொண்டுவந்து விற்கிறார்கள். சுறாமீன் தோலைப் பார்த்து அதே மாதிரி நுண்ணிய வரிகள் போட்ட மேற்பரப்புகளையும் சோதித்து வருகிறார்கள். மருந்தே இல்லாமல், வெறும் வடிவத்தால் கிருமி ஒட்டுவதைக் குறைப்பது. எனக்கு அதில் ஆர்வம் உண்டு. ஆனால் நாளைக்கு உங்கள் வீட்டுக்கு உதவாது.

உப்பு போர்வெல்லிலிருந்து வரவில்லை

உங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தண்ணீர் எப்படி என்று எனக்கும் தெரியும், சந்தேகப்பட்டதில் தவறில்லை. ஆனால் டியூபை அடைக்கும் உப்பு வேறு வழியில் வருகிறது. புரோட்டியஸ் என்று ஒரு கிருமி. சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கும் நொதி அதனிடம் இருக்கிறது. வயலில் யூரியா வீசினால் மண்ணிலுள்ள கிருமி உடைப்பது போலவேதான், நொதியும் அதே நொதிதான். அமோனியா பெருகினால் சிறுநீர் காரத்தன்மை அடைகிறது. அப்போது எல்லோருடைய சிறுநீரிலும் சாதாரணமாகக் கரைந்திருக்கும் மக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட்டோடு சேர்ந்து படிகமாக இறங்கிவிடுகின்றன. ஆர்.ஓ. தண்ணீரே குடித்தாலும் இறங்கும். நீங்கள் சொல்லும் மூக்கைத் துளைக்கிற வாடை அந்த அமோனியாதான்.

அடுத்த முறை சிஸ்டர் பழைய டியூபை எடுத்ததும், கையுறை போட்டுக்கொண்டு அதன் நுனியை விரலிடையில் உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மணல் மாதிரி நறநறத்தால் இதுதான். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் டிப்ஸ்டிக் குச்சியில் பி.எச். (காரத்தன்மையைக் காட்டும் எண்) எட்டைத் தாண்டியிருந்தால் இன்னும் உறுதி.

கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் கண்ணாடியில் சிறுநீர்ப்பை மாதிரி செய்து, புரோட்டியஸ் கிருமியை விட்டு, கடையில் கிடைத்த எல்லா வகை டியூபையும் போட்டுப் பார்த்தார்கள். எல்லாமே அடைத்துக்கொண்டன, வெள்ளி பூசியது உட்பட. அதிக நேரம் தாக்குப் பிடித்தது முழு சிலிக்கான் டியூப். அதற்கும் பூச்சு காரணமில்லை. சிலிக்கான் சுவர் மெலிசு. வெளி அளவு ஒன்றேயானாலும் உள் ஓட்டை பெரிது. பெரிய ஓட்டை அடைய நேரமாகும், அவ்வளவுதான். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2009 நெறிகளும், அடிக்கடி அடைத்துக்கொள்பவர்களுக்கு சிலிக்கான் நல்லதாக இருக்கலாம் என்றே சொல்கின்றன.

அதனால் வாங்குவதானால் முழு சிலிக்கான் வாங்குங்கள், 16ஆம் நம்பர் போதும். கண்ணாடி போல் தெளிவாக இருக்கும். மஞ்சளாக இருந்து "சிலிக்கான் கோட்டட்" என்று அட்டையில் போட்டிருந்தால் அது லேடெக்ஸ்தான், இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வெள்ளி டியூபைவிட இது மிகவும் மலிவு. ஒரே ஒரு குறை: டியூப் நழுவி வராமல் சிறுநீர்ப்பைக்குள் தண்ணீர் நிரப்பி விரித்திருக்கும் சிலிக்கான் பலூனிலிருந்து தண்ணீர் மெல்லக் கசிந்து குறையும், எடுக்கும்போது பலூன் சுருங்கி மடிப்பு விழுந்து கொஞ்சம் வலிக்கலாம். சிஸ்டருக்கு இது தெரிந்திருக்கும்.

சிலிக்கானும் அடைக்கும். ஆகவே டியூபைவிட நாட்குறிப்பு முக்கியம். பதினெட்டாம் நாள் அடைப்பவருக்கு முப்பதாம் நாள் மாற்றுவதில் அர்த்தம் இல்லை. பதினான்கு, பதினைந்தாம் நாளிலேயே, நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே, பகலில் மாற்றிவிடுங்கள். பொள்ளாச்சிக்கு ராத்திரி ஓட்டம் இதில் பெரும்பாலும் நின்றுவிடும். சிலிக்கானில் எத்தனை நாள் தாங்குகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வந்தால், அவருக்கென்று ஒரு கணக்கு கிடைக்கும்.

இதய மருத்துவர் தண்ணீரைக் கட்டுப்படுத்தவில்லை என்றால் நாள் முழுக்கப் பரவலாக இரண்டு லிட்டர் குடிக்கட்டும், அதில் எலுமிச்சை பிழிந்து கொடுங்கள். எலுமிச்சையின் சிட்ரேட் படிகம் இறங்குவதைத் தள்ளிப்போடும். சொட்டுநீர்க் குழாய்க்கு ஆசிட் விட்டுக் கழுவுகிற மாதிரி டியூபுக்குள்ளும் ஏதாவது விடலாமா என்று யாராவது கிளப்பினால் கேட்காதீர்கள். சிட்ரிக் அமிலக் கரைசல்கள் உண்டு. ஆனால் அது மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது.

கட்டில் மேல் இருக்கும் பை

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு விஷயத்தில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாராவது பார்க்க வந்தால் மாமாவுக்குக் கூச்சமாக இருக்கும் என்று பையைக் கட்டில் மேல் அவர் பக்கத்திலேயே வைத்துத் துண்டு போட்டு மூடிவிடுவோம். குளிக்கும்போது பையைக் கழற்றிவிட்டு அப்புறம் மாட்டுவோம்."

அந்தக் கூச்சம் எனக்குப் புரிகிறது. பதினொரு மாதமாக ஒரு மனிதர் தன் சிறுநீரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார். துண்டு போட்டு மூட நினைத்த உங்கள் மனசு நல்ல மனசு. ஆனால் பை சிறுநீர்ப்பையின் மட்டத்துக்கு வந்தால், பையில் கிடந்து ஊறிய சிறுநீர் திரும்பி உள்ளே போகிறது. இணைப்பைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து வைப்பது போல.

பழைய காலத்தில் டியூபிலிருந்து திறந்த பாட்டிலில் வடிய விட்டார்கள். நான்கு நாளுக்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் கிருமி வந்துவிடும். 1960களில் மூடிய பை முறை பரவிய பிறகுதான் அது வாரக்கணக்கில் தள்ளிப்போனது. அதற்குப் பிறகு வந்த எந்தப் பூச்சும் அந்த அளவு வித்தியாசத்தை உண்டாக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். ஒரு பிளாஸ்டிக் பையும், அதைக் கழற்றாமல் இருப்பதும்!

ஆகவே பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல். கட்டில் சட்டத்தில் கொக்கி மாட்டி, கீழே துண்டால் மறையுங்கள். தோப்புக்குப் போகும்போது தொடையிலோ கெண்டைக்காலிலோ கட்டும் சின்னப் பை இருக்கிறது, வேட்டிக்குள் தெரியாது. பையோடேயே குளிக்கலாம். டியூபைத் தொடையில் பிளாஸ்டர் போட்டு இழுபடாமல் ஒட்டுங்கள். பையைக் காலி செய்யும் முன்னும் பின்னும் கை கழுவுங்கள், குழாய்முனை வாளியில் இடிக்கக்கூடாது. டெட்டால் வேண்டாம், பீட்டாடினும் வேண்டாம். தினமும் சோப்பும் தண்ணீரும் போதும். டெட்டாலால் தோல் புண்ணானால் அதுவே இன்னொரு வாசல். மலச்சிக்கல் இருந்தால் அதையும் கவனியுங்கள், நிறைந்த குடல் டியூபை அழுத்தி நிறுத்திவிடும்.

பழுப்பும் பனியும்

டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு மூன்று முதல் ஏழு பேருக்குக் கிருமி புதிதாகக் குடியேறும். ஒரு மாதம் ஆனால் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும். அதனால் உங்கள் மாமாவின் சிறுநீரை எந்த நாளில் எடுத்துச் சோதித்தாலும் 'பழுப்பு' இருக்கும். மலையாளத்தில் அந்தச் சொல்லுக்குச் சீழ் என்று அர்த்தம், சிறுநீர்த் தொற்றுக்கும் அதையே சொல்வார்கள். சிஸ்டர் சொன்னது சரி. ஆனால் பழுப்பு மட்டும் இருந்தால் மருந்து வேண்டாம். கலங்கல், வாடை, சோதனையில் கிருமி, இவை மூன்றும் சேர்ந்தாலும் வேண்டாம்.

மருந்து எப்போது என்றால், 'பனி' வந்தால். காய்ச்சல், உடம்பு தூக்கிப்போடுகிற குளிர் நடுக்கம், அடிவயிற்றிலோ விலாப்புறத்திலோ புதிதாக வலி, இல்லை வயதானவர் திடீரென்று நிலை தடுமாறிப் பேசுவது. இவற்றில் ஒன்றாவது வேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஐந்து முறை மருந்து கொடுத்ததில் ஒரு தடவைகூடக் காய்ச்சல் இல்லை. அந்த மருந்துகள் கிருமிப் படலத்தை ஒன்றும் செய்திருக்காது. எஞ்சியதில் மருந்துக்கு அடங்காத கிருமியைத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கும். நாளைக்கு உண்மையிலேயே காய்ச்சல் வரும்போது எந்த மருந்து கேட்கும் என்பதுதான் என் கவலை.

அப்படிக் காய்ச்சல் வந்தால், டியூப் போட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால் முதலில் டியூபை மாற்றி, புது டியூபிலிருந்து வரும் சிறுநீரைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) கொடுக்க வேண்டும். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தால், அந்தப் பையில் குடியிருக்கும் கிருமியின் பெயர்தான் ரிப்போர்ட்டில் வரும்.

ஊதாப் பைக்குச் செய்வினை காரணமில்லை என்று அத்தையிடம் சொல்லுங்கள். நாம் சாப்பிடும் புரதத்தில் ஒரு பகுதி குடலில் மாறி, கல்லீரல் வழியாகச் சிறுநீருக்கு வருகிறது. டியூபிலிருக்கும் சில கிருமிகள் அதை நீலச் சாயமாகவும் சிவப்புச் சாயமாகவும் மாற்றிவிடும். நீலம் என்றால் அவுரியிலிருந்து எடுக்கும் அதே நீலம்தான். இரண்டும் கலந்து பையின் பிளாஸ்டிக்கில் ஊறினால் ஊதா. மலச்சிக்கலும் கார சிறுநீரும் இருப்பவர்களுக்கு அதிகம் வரும், உங்கள் வீட்டுக் கதையோடு பொருந்துகிறது. பார்க்கப் பயமாக இருந்தாலும் அதனால் மட்டும் ஆபத்தில்லை. திருநீறாலும் கெடுதல் இல்லை.

புகார், பில், உரிமை

சிஸ்டர் மேல் புகார் கொடுக்காதீர்கள். அவர் போட்டது மட்டமான டியூப் இல்லை, திட்டத்தில் வந்த டியூப். 2008இல் பாலியேட்டிவ் கொள்கை கொண்டுவந்த மாநிலத்தில் இருப்பதால்தான் உங்கள் வீட்டு வாசலுக்கு ஒருவர் மாதாமாதம் வருகிறார். எல்லைக்கு இந்தப் பக்கம் என்னிடம் வரும் எத்தனையோ பேர் டியூப் மாற்ற ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு டியூப் விலையைவிட அதிகம். சிலிக்கான் டியூபை நீங்கள் வாங்கி வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வர முடியுமா என்று கேளுங்கள்.

கடை விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருக்கலாம். 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகளும் சட்டப்படி மருந்து என்ற வரையறைக்குள் வருகின்றன. அட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கக்கூடாது. பில் வாங்குங்கள், காலாவதி தேதி பாருங்கள், உறை கிழிந்திருந்தால் தொடாதீர்கள். மருத்துவமனையில் போடும்போதும் அங்கேயே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாங்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளர் உரிமைப் பட்டியலில் உள்ள ஒன்று.

இந்த டியூப் இன்னும் எதற்கு?

இதுவரை நீங்கள் கேட்டதற்குப் பதில் சொன்னேன். நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. எந்த டியூப் என்று வீடே கூடிப் பேசியிருக்கிறீர்கள், டியூப் இன்னும் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. "ஒரு வருஷம் ஆகட்டும்" என்றார் மருத்துவர். வைகாசியிலிருந்து எண்ணினால் பதிமூன்று மாதம் ஆகிவிட்டது. ஒருவேளை அவர் உங்களை எதிர்பார்த்திருக்கலாம், நீங்கள் அவரை எதிர்பார்த்தீர்கள். பாலியேட்டிவ் என்ற பெயர் வந்ததுமே இனி இப்படித்தான் என்று வீட்டில் எல்லோரும் மனசைத் தேற்றிக்கொண்டீர்களோ என்னவோ. தோப்பைச் சுற்றி வரும் மனிதருக்கு அது பொருந்தாது.

வழிகள் இருக்கின்றன. முதல் முறை டியூபை எடுத்துப் பார்த்தபோது ப்ராஸ்டேட்டைத் தளர்த்தும் டாம்சுலோசின் போன்ற மருந்து கொடுத்துவிட்டு எடுத்தார்களா என்று பழைய சீட்டில் பாருங்கள். இல்லையென்றால் மருந்தோடு இன்னொரு முயற்சி செய்யலாம். ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கும் என்பதால் மருத்துவர் பார்வையில்தான். அது பலிக்காவிட்டால் ஆபரேஷன். ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கு லேசர் முறையில் ரத்தப்போக்கு குறைவு. இதய மருத்துவரும் சிறுநீரக அறுவை மருத்துவரும் பேசிக்கொண்டு எந்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்துவது என்று முடிவு செய்வார்கள். ஆபரேஷன் வருகிறதே என்று நீங்களாக அந்த மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாது. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் டியூப் அடைத்ததைப் போல் இருக்காது.

மயக்கம் கொடுக்க இதயம் தாங்காது என்றால், ஒரு நாளைக்கு நான்கைந்து முறை மெல்லிய குழாயை அவரே விட்டுச் சிறுநீரை எடுத்துவிட்டு உடனே உருவிவிடும் முறை இருக்கிறது. உள்ளேயே தங்காத குழாயில் படலம் கட்ட நேரம் இல்லை. கை நடுங்காதவர், கண் தெரிகிறவர் என்றால் 74 வயதிலும் கற்றுக்கொள்ளலாம். நனைந்தால் வழுக்கும் பூச்சு உண்மையில் சுகமாக இருப்பது இந்தக் குழாயில்தான், கொழுந்தனாரிடம் சொல்லுங்கள். ப்ராஸ்டேட் மிகவும் பெரிதாக இருந்தால் இது சிரமம். எதுவுமே ஆகாது என்றால் அடிவயிற்று வழியாக டியூப். உட்கார, நடக்க வசதி, மாற்றுவது சுலபம். ஆனால் கிருமிப் படலம் அதிலும் வரும்.

இவ்வளவு நாள் அடைத்து அடைத்துத் திறந்ததில் சிறுநீர்ப்பையில் கல் சேர்ந்திருக்கலாம். அடைப்பு விடாமல் வருவதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். ஒரு ஸ்கேன், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை), சர்க்கரை, இவற்றைப் பார்த்துக்கொண்டு போங்கள். கேரள அரசின் மருத்துவக் காப்பீடான காருண்யா அட்டை இருந்தால் இன்ஷூரன்ஸ் மேசையில் முதலிலேயே காட்டிக் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் போவதாக இருந்தால் அங்கே அது செல்லுமா என்று போன் செய்துவிட்டுப் போங்கள்.

அதற்குள் ராத்திரியில் மறுபடி நின்றுவிட்டால்: டியூப் மடங்கியிருக்கிறதா, அதன் மேல் படுத்திருக்கிறாரா, பை கீழே இருக்கிறதா என்று பாருங்கள். அதெல்லாம் சரியாக இருந்தும் வயிறு உப்பி வலித்தால் காத்திருக்காமல் கிளம்புங்கள். என்ன ஆனாலும் டியூபைக் கத்தரிக்கோலால் வெட்டவோ பிடித்து இழுக்கவோ கூடாது, உள்ளே பலூன் விரிந்திருக்கிறது.

ஆடி பிறப்பதற்குள் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள். ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டையும், டியூப் மாற்றிய தேதிகள் எழுதிய நோட்டையும் எடுத்துப் போங்கள். இடையில் சிஸ்டர் வந்து பழுப்பு உண்டு என்றால், "பனியில்ல, விறயலில்ல சிஸ்டரே" (காய்ச்சல் இல்லை, நடுக்கம் இல்லை) என்று சொல்லுங்கள். அவருக்குப் புரியும்.